சுங்கைப்பட்டாணியில் குலுக்கிய டீ

காலை ஏழு இருபது. கோலா கெத்தில் கடைத்தெரு முனையில் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பையோடு பஸ்ஸுக்கு நின்றோம். "எங்கண்ணே, ஜோடியா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இவர், "தஞ்சோங் டாவாய்க்கு, நெத்திலி வாங்க" என்று பதில் சொன்னார். அது பாதி உண்மை. மீதி உண்மையைச் சொன்னால் ஊர் சிரித்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக டீக்கடை நடத்துகிற மனுஷன், பதினான்கு மைல்கட்டை தூரம் பஸ் ஏறி இன்னொரு கடைக்கு டீ குடிக்கப் போகிறார் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

1989ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளிதானே வாரவிடுமுறை, எங்கள் கடையும் அன்றைக்கு மூடியிருக்கும். மற்ற ஆறு நாளும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்துவிடும். முன்பக்கம் டீ மேசையில் இவர், பின்பக்கம் அடுப்படியில் நான். தோசை, சம்பல், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு எல்லாம் என் கை. டீ மட்டும் இவர் கை. வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு டீ போட்டுக் கொடுப்பதே இவர்தான். "டீக்கடைக்காரர் பொண்டாட்டிக்கு டீ போடத் தெரியாது" என்று தோட்டத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். டீ மேசையில் பெண்பிள்ளை நின்றால் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஆம்பிளைகள் கூச்சப்படுவார்கள் என்பது இவர் கணக்கு. நானும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் இவருடைய வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கை தோளுக்கு மேலே போகவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் கையைத் தூக்கி டீ ஆற்றும் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர் கேட்பாரா? இடது கையால் ஆற்றிப் பார்த்தார். பாதி டீ டம்ளரில், பாதி டீ தரையில். பாலிங்கிலிருந்து மாணிக்கம் என்று ஒருவர் வந்து, கடையைத் தான் எடுத்து நடத்துவதாகக் கேட்டார். சனிக்கிழமை பதில் சொல்வதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி இவர் சரியாகச் சாப்பிடவில்லை, நானும்தான்.

அப்போதுதான் சுங்கைப்பட்டாணி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு செய்தி சொன்னாள். "அக்கா, அங்க தைவான் டீக்கடை ஒண்ணு தொறந்திருக்காங்க. டீய ஆத்துறதே இல்ல. ஒரு டின்னுல ஊத்தி, மூடி, குலுக்குறாங்க. நுரை எப்படி வருது தெரியுமா! கைய மேல தூக்கவே வேணாம் லா."

கையை மேலே தூக்க வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்கள் பஸ் ஏறினோம்.

டிக்கெட் ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு; ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். வழியெல்லாம் ரப்பர். நடுநடுவே ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகள். எட்டேகாலுக்குச் சுங்கைப்பட்டாணி பஸ் நிலையம். விசாரித்தால், தைவான் கடையைப் பகல் பன்னிரண்டுக்குத்தான் திறப்பார்களாம். "பன்னெண்டுக்கா?" என்று இவர் வாயைப் பிளந்தார். "நாம அந்நேரத்துக்கு ரெண்டாவது பால் டின்னு பெட்டிய ஒடைச்சிருப்போம். இவங்கல்லாம் வியாபாரம் பண்ணி உருப்பட்ட மாதிரிதான்."

நேரம் இருந்ததால் சொன்ன பொய்யையும் உண்மையாக்கிவிடலாம் என்று எட்டே முக்கால் பஸ்ஸில் தஞ்சோங் டாவாய்க்கு ஏறினோம். பிடோங், செமிலிங் வழி. பிடோங் தாண்டியதும் வலது பக்கம் ஜெராய் மலை தலையில் மேகத்தைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தது. பஸ்ஸுக்குள் பாதிப்பேர் மீன் வாங்கப் போகிறவர்கள், பாதிப்பேர் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். யார் யார் என்று மூக்கே சொல்லிவிடும்.

தஞ்சோங் டாவாய் மெர்போக் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது. ஊர் என்று பார்த்தால் ஒரு தெரு, ஒரு படகுத்துறை, தண்ணீருக்கு மேல் காலூன்றி நிற்கும் பலகை வீடுகள், அவ்வளவுதான். ஆனால் எங்கே திரும்பினாலும் தட்டித் தட்டியாக நெத்திலி காய்கிறது. வெயிலில் அது மின்னும்போது கண் கூசுகிறது. மலாய்க்கார அம்மா ஒருவர் இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தார். விலை பேசுவதில் நான் இவரை நம்புவதில்லை, நானே பேசினேன். ஒரு வெள்ளி குறைத்ததோடு, கை நிறைய அள்ளிக் கொசுறும் போட்டார். "பதினொன்றரை பஸ்ஸை விட்டுடாதீங்க. அப்புறம் டிரைவர் தொழுகைக்குப் போயிடுவாரு" என்று அந்த அம்மாவே மலாயில் எச்சரித்தார். நாங்கள் ஓடிப்போய் ஏறினோம்.

பன்னிரண்டரைக்குத் திரும்பவும் சுங்கைப்பட்டாணி. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருந்த கடையை நான் முதலில் கடை என்றே நினைக்கவில்லை. புகை இல்லை, கரி இல்லை, தரையில் ஈரமில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனால் மரமேசை எட்டு, முதுகு சாய்கிற நாற்காலிகள், மேலே மூன்று காற்றாடிகள். முன்னால் உயரமான மேசை. அதற்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீனப்பெண், முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் குவளையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஐஸ் உருளும் சத்தம் கடைமுழுக்கக் கேட்டது.

நாங்கள் கருவாட்டு வாசனையோடு தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே, வாங்கக்கா. பைய அப்படி ஓரமா வைங்க" என்றாள். நல்ல தோட்டத்துத் தமிழ். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரித்ததில், பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவருடைய மகளாம். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். மேல்படிப்புக்குத் தைவானில் தைச்சுங் என்ற ஊருக்குப் போனவள், படித்தது கணக்கியல், கற்றுக்கொண்டு வந்தது டீ. "அப்பா ஒரு வருஷம் என்கூடப் பேசல" என்று சிரித்தாள். பெயர் சியூ லான்.

எங்களுக்கு முதலில் வந்தது பால் டீ, ஒன்று ஒரு வெள்ளி இருபது காசு. எங்கள் கடையில் நாற்பது காசு. "மூணு டீ விலையில ஒரு டீ" என்று இவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். உயரமான கண்ணாடி டம்ளர். அடியில் தேன்நிற டீ, மேலே இரண்டு விரல் பருமனுக்கு நுரை. நம்முடைய நுரை பெரிய பெரிய குமிழாக வந்து சீக்கிரம் அடங்கிவிடும். இது அடங்கவே இல்லை. கடைசி வாய்வரைக்கும் மேலேயே இருந்தது. குடித்தேன். சில்லென்று போனது, ஆனால் டீயின் துவர்ப்பு அப்படியே நாக்கில் நின்றது. ஐஸ் போட்டால் டீ சப்பென்று ஆகிவிடும் என்று இவர் எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்திருக்கிறார். இப்போது டம்ளரைச் சாய்த்துச் சாய்த்து நுரையைப் பார்த்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இவருக்குப் பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பிடிக்காவிட்டால் உடனே பேசுவார்.

அடுத்து வந்த இரண்டு டம்ளரிலும் அடியில் கறுப்பு ஜவ்வரிசி. மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒவ்வொன்றும். "மரவள்ளி மாவுதான்க்கா. நானே உருட்டி, குலா மெலாக்கா வெல்லப் பாகுல ஊற வைப்பேன்" என்றாள் சியூ லான். மரவள்ளி என்றதும் இவர் முகத்தைச் சுளித்தார். யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மூன்று வேளையும் அதைத் தின்று வளர்ந்த வயிறு. ஆனாலும் கரண்டியால் ஒன்றை எடுத்துக் கடித்தார், பிறகு இன்னொன்று. கடைசியில் என் டம்ளரிலிருந்ததையும் துழாவி எடுத்துக்கொண்டார்.

சாப்பாடும் உண்டு, பெரிய பட்டியலெல்லாம் இல்லை, நாலே வகை. நாங்கள் வாங்கியது கோழிச் சோறு, ஒரு கிண்ணம் இரண்டரை வெள்ளி. கொத்திய கோழிக்கறியைக் கிச்சாப் என்ற சோயா சாற்றிலும் அன்னாசிப்பூவிலும் மணிக்கணக்கில் சுண்டவைத்து, சுடுசோற்றின் மேல் ஊற்றித் தருகிறாள். தைவானில் இதைப் பன்றிக்கறியில்தான் செய்வார்களாம். "இங்க மலாய்ப் பிள்ளைங்களும் வரணும் இல்லக்கா? அதான் கோழி" என்றாள். பக்கத்தில் டீத்தண்ணியில் வேகவைத்த முட்டை ஒன்று. ஓட்டை லேசாகத் தட்டி விரிசல்விட்டு வேகவைப்பதால், உரித்தால் வெள்ளை முழுக்கப் பழுப்புக் கோடுகள். டீத்தூளை முட்டைக்குள் போகச் செய்கிற யோசனை இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு ஒருநாளும் வரவில்லை. பொறாமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கடைசியாக இரண்டு விரல் கனத்துக்கு வெட்டிய ரொட்டி, வெண்ணெயும் டின் பாலும் தடவிச் சுட்டது. ஓரம் மொறுமொறு, நடு மெத்து. இவர் ரொட்டியின் கனத்தைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தார்.

ஒவ்வொரு டீயையும் கேட்ட பிறகுதான் குலுக்குகிறாள். வடித்த டீயைச் சுவர்க்கடிகாரம் பார்த்து வைத்திருந்து, நேரம் தாண்டினால் அப்படியே கொட்டிவிடுகிறாள். கொட்டும்போது இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மூலையில் நாலு ஃபேக்டரிப் பெண்கள், இரண்டு மலாய், ஒரு சீனம், ஒரு தமிழ், ஆளுக்கு ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒருமணி நேரமாக அரட்டை அடித்தார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து டீ குடிப்பதை நான் ஒரு கடையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உண்மையைச் சொன்னால் எனக்கு டீயைவிட மேசைக்குப் பின்னால் நின்றவள்மேல்தான் கண். லாரி டிரைவர் ஒருவர் வந்தார், நம்மவர், மீசையும் கடாமீசை. "அமோய், சீக்கிரம் ஒண்ணு குடு" என்றார், சீனப்பெண்களைக் கூப்பிடும் வழக்கப்படி. "ரெண்டு நிமிசம் நில்லுங்கண்ணே, மொத அவங்களுக்கு" என்றாள். அவர் பேசாமல் நின்றார். வாங்கினார், குடித்தார், "நல்லாருக்கு லா" என்று போனார். கூச்சப்படவில்லை, குறைந்துபோகவும் இல்லை. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. இவர் எழுந்துபோய், தொண்டையைச் செருமி, தான் யார், தோளுக்கு என்ன, எதற்காக வந்தோம் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நான் அசந்துபோனேன். எங்கள் ஊரில் ஒருவரிடமும் இவ்வளவு பேசியதில்லை. சியூ லான் உடனே வழிவிட்டு, "உள்ள வாங்கண்ணே, நீங்களே போட்டுப் பாருங்க" என்றாள்.

டீத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும் இவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. அவள் ஐஸ் எடுக்கத் திரும்பிய நேரத்தில், டின் பாலை விட்டு, அதன் மேல் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி, மூடியை இறுக்கி, குலுக்க ஆரம்பித்துவிட்டார். பால் சூட்டில்தான் கரையும், எனவே டீ கொதித்தபடிதான் இருக்கவேண்டும் என்பது எந்த டீ மாஸ்டருக்கும் ரத்தத்தில் ஊறினது. திறந்த குவளையில் அது சரி. மூடிய குவளையில் என்ன ஆகும்? நாலாவது குலுக்கலில் மூடி 'டப்' என்று எகிறிக் காற்றாடிவரை போனது. டீ இவர் வெள்ளைச் சட்டையில், சுவரில், நாள்காட்டியில். நல்லவேளை, முகத்தில் படவில்லை. மூலையிலிருந்த பெண்கள் கத்தினார்கள், பிறகு சிரித்தார்கள். நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன், முடியவில்லை.

"சூட்டோட மூடக்கூடாதுண்ணே, ஐஸ் பாதிக் குவளை போட்டுத்தான்" என்று சியூ லான் துணியை எடுத்து வந்தாள். அவள் கோபப்படவே இல்லை. "நானும் மொத நாள் இப்படித்தான். தைவான்ல எங்க மொதலாளி சட்டையிலயே அடிச்சேன்."

இரண்டாவது தடவை ஐஸ் போட்டு முறையாக மூடினார். குலுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. முகம் வெளுத்தது. நிறுத்தினார். திரும்பப் பிடித்தார். மறுபடி நிறுத்தினார்.

"கைய மேல தூக்கலியே?" என்றார், குழந்தை மாதிரி.

"குலுக்குறதும் தோளுலேருந்துதான்ணே வரும்" என்றாள் அவள், மெதுவாக.

இவர் குவளையை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. வந்த காரியம் முடிந்தது, நாளைக்கு மாணிக்கத்துக்குச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"அக்கா, நீங்க ஒருதடவ பாருங்களேன்" என்றாள் சியூ லான்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் டீ வழிகிற நாள்காட்டியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். குவளை கையில் ஜில்லென்று இருந்தது. குலுக்கினேன். சட்னி அரைத்து, மாவாட்டி, பானை தூக்கிய தோள், அதற்கு இது ஒரு வேலையா?

"நிறுத்தாத" என்றது இவர் குரல். நாற்காலிப் பக்கம் திரும்பி நின்றபடியே பேசினார். "ஐஸ் சத்தம் மாறும், கேளு. இப்ப கல்லு மாதிரி இருக்கு. இன்னும். இன்னும்... ம், மெலிஞ்சிருச்சு. போதும், ஊத்து."

சியூ லான் கண்ணை அகல விரித்தாள். "அண்ணே, நான் கடிகாரம் பார்த்துத்தான் நிறுத்துவேன். நீங்க காதுலயே கண்டுபிடிச்சிட்டீங்க!"

ஊற்றினேன். நுரை ஒரு விரல்தான் வந்தது, ஆனால் வந்தது. இவர் டம்ளரை வாங்கி, சாய்த்துப் பார்த்து, முகர்ந்து, குடித்தார். "டீத்தூளு இன்னும் ஒரு கரண்டி வேணும்" என்றார். அப்புறம் நின்ற இடத்திலேயே கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். என் கையால் போட்ட டீயை இவர் குடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நாலேகால் பஸ்ஸில் திரும்பினோம். சியூ லான் எங்களிடம் கடைசி டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள், நான் கொஞ்சம் நெத்திலியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் இரண்டு கடையையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்து குடிப்பதற்கு டீ. எங்கள் கடையில் வேலைக்கு ஓடுவதற்கு முன்னால் வயிற்றைச் சூடாக்கிக்கொள்ள டீ. விடியற்காலை ஐந்து மணிக்கு, தலைவிளக்கோடு வரும் பால்வெட்டுக்காரருக்கு ஐஸ் டீயை நீட்டினால் என் தலையிலேயே கொட்டிவிடுவார். அந்தக் கடையைப் பெயர்த்து எடுத்துவந்து கோலா கெத்திலில் வைக்க முடியாது. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள், உலகம் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அதை இவரிடம் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தேகாலுக்கு ஊர் வந்து சேர்ந்தோம். எங்கள் கடைவாசலில், மூடிய கதவுக்கு முன்னால் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு வரவேண்டியவர், அவசரம் தாங்காமல் இன்றைக்கே வந்துவிட்டார்.

"என்னண்ணே, முடிவு பண்ணிட்டீங்களா?"

இவர் இடது கையால் பூட்டைத் திறந்தார். விளக்கைப் போட்டார். அடுப்பை மூட்டினார். பிறகு மேசைக்குப் பின்னால் போகாமல், வாடிக்கையாளர் பெஞ்சில் மாணிக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"சரசு, ரெண்டு டீ" என்றார் என்னிடம்.

மாணிக்கம் சுற்றும்முற்றும் பார்த்தார். "யாரு ஆத்துறது?"

"கடைக்காரி" என்றார் இவர்.

தண்ணீர் கொதிக்கும்வரை டம்ளர்களைத் துடைத்துக்கொண்டே நின்றேன். டீத்தூளை இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போட்டேன். வடித்து, பால் விட்டு, இரண்டு குவளையையும் எடுத்தேன். இவர் அளவுக்கு என் கை உயரவில்லை. அரை முழ உயரத்திலிருந்துதான் விழுந்தது, மணிக்கட்டில் கொஞ்சம் தெறித்துச் சுட்டது. இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ம், ஊத்து" என்றார்.

மாணிக்கம் குடித்தார். "இன்னும் கொஞ்சம் ஆத்தியிருக்கலாம்" என்றார்.

"நாளைக்குக் காலைல வந்து குடிச்சுப் பாரு. கடை தொறந்திருக்கும்" என்றார் இவர்.

மாணிக்கம் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, மீதியைக் குடித்து முடித்தார். நான் மூன்றாவதாக ஒரு டீ ஆற்றினேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, மேசைக்குப் பின்னால் நின்றபடியே அதை நானே குடித்தேன்.